டப்பாவைத் திறந்த கை

ஆண்டி வார்ஹோல் 1968இல் பத்து கேம்ப்பெல் சூப் டப்பாக்களைத் திரை அச்சுப் படங்களாக வெளியிட்டார். தக்காளி சூப், வெங்காய சூப், காளான் சூப் என்று ஒவ்வொன்றிலும் 250 படிகள். எல்லா டப்பாக்களும் மூடியே இருக்கின்றன. சூடாக்கிய பாத்திரமோ கழுவ வேண்டிய கிண்ணமோ எதிலும் இல்லை. இருபது ஆண்டுகளாக மதியம் இந்த சூப்பைத்தான் குடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். டப்பாவைத் திறந்தது யார்?

சிறுவயதில் அதைச் சூடாக்கித் தந்தவர் அம்மா ஜூலியா வார்ஹோலா. பிட்ஸ்பர்கில் பிறர் வீடுகளைச் சுத்தம் செய்தும், காலியான பழ டப்பாக்களை வெட்டிப் பூக்கள் செய்து விற்றும் குடும்பத்தைத் தாங்கியவர். ஆக, அந்த வீட்டில் டப்பாவை முதலில் கலையாக்கியது மகன் அல்ல. ஆனால் அம்மா செய்ததற்குப் பெயர் கைவேலை.

பின்னர் நியூயார்க்கில் மகனுடன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். 1950களில் மகனின் விளம்பர ஓவியங்களுக்கு எழுத்துகளை வரைந்தார். பல நேரம் மகனின் கையொப்பத்தையே போட்டுக் கொடுத்தார். அவர் வரைந்த பூனைப் புத்தகத்தின் அட்டையிலோ ஆசிரியர் 'ஆண்டி வார்ஹோலின் அம்மா'. இன்னாரின் அம்மா, இன்னாரின் மனைவி என்றே அழைக்கப்படும் நமக்கு இது புதிதல்ல. அவர் அதை ரசித்து ஏற்றிருக்கலாம். அன்போடு கொடுத்ததற்குக் கணக்கு வேண்டாம் என்று சொல்லிச் சொல்லித்தானே நம் கணக்கும் எழுதப்படாமல் போனது?

கை தெரியாததுதான் அந்தப் படங்களின் பொருளே என்று ஒருவர் வாதிடலாம். ஒரே அச்சில் வார்த்த சரக்கு உலகத்தை அவை காட்டுகின்றன என்பது உண்மைதான். ஆனால் டப்பா கடையோடு நின்றுவிடுவதில்லை, வீட்டுக்கு வருகிறது. தொழிற்சாலையில் மறைந்திருக்கும் கைக்குக் கூலியாவது உண்டு. வீட்டில் மறைந்திருக்கும் கைக்கு அதுவும் இல்லை.

மேரி கசாட் 1890–91இல் பாரிஸில் உருவாக்கிய பத்து வண்ண அச்சுகளில் ஒன்று குளியல் காட்சி. குழந்தையை அணைத்துக்கொண்டு ஒரு பெண் தொட்டி நீருக்குள் கையை விடுகிறாள். சூடு பதமா என்று பார்க்கும் கை அது. தொட்டி அங்கே வெறும் பொருளாக இல்லை. ஒருத்தியின் வேலையாக இருக்கிறது. அந்த அச்சுகளில் கசாட் தன் பெயரோடு, உடன் அச்சிட்ட லெரோய் என்பவரின் பெயரையும் எழுதினார். வசதியான குடும்பத்துப் பெண்ணான அவர் வீட்டில் பணிப்பெண்களும் இருந்தார்கள். அவர்கள் பெயர் அச்சில் இல்லை. அச்சுக்கூடத்தில் செய்த உதவி வேலையாகத் தெரிந்தது. வீட்டில் செய்த உதவி அவருக்கும் தெரியவில்லை.

பொருளை அழகாகக் காட்டிவிட்டால் அதைப் புழங்கியவரை மதித்ததாகிவிடாது. படத்தில் கையைக் காட்டுவது ஒரு படி. அந்தக் கைக்குரியவரின் பெயரைச் சொல்வது அடுத்த படி. பெயரைச் சொல்லச் செலவு ஒன்றுமில்லை. 'ஆண்டி வார்ஹோலின் அம்மா'வுக்கும் ஜூலியா என்று ஒரு பெயர் இருந்தது.