சோறு சுமந்த பக்தி

ஞானிகளின் அருகிலேயே வாழ்நாளைக் கழித்த பெண்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். அந்த அருகாமை அவர்களை வளர்த்ததா, கரைத்துவிட்டதா? குருவின் பெயரால் தன் சொல்லையும் அறிவையும் ஒப்படைத்துவிட்டு ஒரு பெண் நிழலாகிப் போவதும் உண்டு. மகளையோ அக்காவையோ ஏதோ ஓர் ஆசிரமத்துக்கு அனுப்பிவிட்டுக் கவலைப்படும் வீடுகளில் இன்றும் இந்தக் கேள்வி இருக்கிறது.

இதற்கு விடை தேடும்போது எச்சம்மாளிடம்தான் போய் நிற்கிறேன். மண்டகொளத்தூர்க்காரர். கணவர், மகன், மகள் என எல்லோரையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். துக்கம் ஆறக் கோகர்ணம் வரை போய்ச் சாதுக்களுக்குத் தொண்டு செய்தும் ஆறவில்லை. 1907 வாக்கில் திருவண்ணாமலை மலைமேல் விரூபாக்ஷ குகையில் இருந்த இளம் ரமண மகரிஷி முன் வந்து நின்றார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் நெஞ்சுப் பாரம் இறங்கியதை உணர்ந்தார்.

பிறகு திருவண்ணாமலையிலேயே தங்கி, நாள்தோறும் சமைத்து, மலையேறி ரமணருக்கும் உடனிருந்தவர்களுக்கும் சோறு கொண்டுபோனார். 1945இல் இறக்கும்வரை அந்தத் தொண்டை விடவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்த கைக்கு மறுபடியும் வேலை கிடைத்தது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். குரு அவருக்கு அமைதி தந்தார். அதோடு, எச்சம்மாள் கொடுத்ததை வாங்கியும் கொண்டார். கொடுக்க ஒருவருமின்றி நின்ற பெண்ணுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் உண்டா?

துக்கம் அத்தோடு முடியவுமில்லை. பிறகு தத்தெடுத்து வளர்த்து மணம் முடித்துக் கொடுத்த மகள் செல்லம்மாளும் இறந்துபோனாள். அவளுடைய பச்சைக் குழந்தையைக் கொண்டுவந்து எச்சம்மாள் ரமணரின் கையில் கொடுத்தபோது அவர் கண்களும் கலங்கின. அழாதே என்று உபதேசிப்பவரைவிட, கூட அழுபவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம்.

சூரி நாகம்மாவின் வழி வேறு. சிறு வயதில் கைம்பெண்ணாகி வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்த தெலுங்குப் பெண் அவர். 1941இல் ரமணரின் ஆசிரமத்துக்கு வந்தார். அங்கே நடந்தவற்றையும் ரமணர் சொன்னவற்றையும் 1945 முதல் தன் அண்ணனுக்குக் கடிதங்களாக எழுதினார். அன்றைய ஆசிரம வாழ்க்கையை இன்று நாம் அறிவதற்கு அந்தக் கடிதங்கள் ஒரு பெரிய வாசல். ஒடுங்கி வந்தவர் எழுத்தாளராக நிமிர்ந்தார்.

குருவோடு வாழ்வது என்றால் பெரும்பாலும் அவருடைய அடியார்களோடு வாழ்வதுதான். அங்கே முறை உண்டு, முன்வரிசை உண்டு, மனத்தாங்கலும் உண்டு. ரமணர் காலத்தில் இரவில் பெண்கள் ஆசிரமத்துக்குள் தங்க முடியாதிருந்தது. இந்த இருவரும் வெளியே வீடெடுத்து, தினமும் நடந்தே வந்துபோனார்கள். அந்தக் கட்டுப்பாடுகளுக்கு நடுவிலும் ஒருவர் தன் அடுப்பை விடவில்லை, மற்றவர் தன் பேனாவை விடவில்லை.

ஆகவே ஒரு குருவை அளக்க என்னிடம் ஓர் அளவுகோல்தான் இருக்கிறது. அவரை அண்டி வாழ்ந்த பெண்ணின் கை வலுத்ததா, அவள் சொல் தெளிந்ததா, அவளால் இன்னொருவரை ஏந்திக்கொள்ள முடிந்ததா? ஆம் என்றால் அந்த வாழ்க்கை வீணாகவில்லை. இல்லை என்றால், எவ்வளவு பெரிய மகானின் வாசலாக இருந்தாலும் அவள் தயங்காமல் எழுந்து வெளியேறலாம். அதில் பாவம் எதுவும் இல்லை.