மலை எங்கே முடிகிறது?

மலையின் உச்சியை விரல் நீட்டிக் காட்டிவிடலாம். அடிவாரம் எந்த அடியில் முடிந்து சமவெளி தொடங்குகிறது என்பதைக் காட்ட முடியாது. மணற்குவியலிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக்கொண்டே போனால் எந்த மணியோடு அது குவியல் அல்லாமல் போகிறது என்ற பழைய கிரேக்கப் புதிர், மிலீட்டஸ் நகரத்து யூபுலிடீஸின் பெயரால் வழங்குகிறது. அடிவாரம் அந்தப் புதிரை நிலத்திலேயே எழுப்புகிறது. இந்திய மெய்யியல் இதை வேறொரு பக்கத்திலிருந்து அணுகியது. மிலிந்த மன்னனின் தேரைச் சுட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா என்று பௌத்தத் துறவி நாகசேனர் கேட்டார். உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்பது பௌத்தர் முடிவு. உறுப்புகளில் தங்கியும் அவற்றினின்று வேறாகவும் அவயவி என்ற முழுப்பொருள் உண்டு என்று நியாய மரபினர் வாதிட்டனர். பாறை, மண், சரிவு ஆகியவற்றுக்கு மேலாக ‘மலை’ என்று ஒரு பொருள் உண்டா என்பதும் இதே வழக்குதான்.

கணினி நிலவரைபடம் இந்த வழக்கை அன்றாட வேலையாக்கிவிட்டது. அதற்கு அடிப்படையான இலக்க உயர மாதிரி என்பது நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உயர எண்ணைத் தரும் அட்டவணை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் ரேடார் கொண்டு உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அளந்தது. அதன் நுண்ணிய தரவில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். அந்த எண்களிலிருந்து சரிவு, சரிவின் திசை, வளைவு ஆகியவற்றைக் கணக்கிடலாம். இத்துறைக்கு ஜியோமார்ஃபோமெட்ரி என்று பெயர். நிலப்பரப்பு முழுவதையும் தொடர்ச்சியான ஒன்றாக அளப்பது பொது வகை, தனித்தனி நிலவடிவங்களைப் பிரித்தெடுத்து அளப்பது சிறப்பு வகை என்று இயன் எவன்ஸ் 1972இல் பிரித்துக் காட்டினார். பொது வகைக்கு எல்லை தேவையில்லை. சிறப்பு வகையில் அளக்கும் முன்பே எல்லை வரைந்தாக வேண்டும். மெய்யியல் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

துல்லியமான வரையறை கிடைக்காமலில்லை. இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1870இல் எழுதிய கட்டுரையில், எந்தெந்த இடங்களிலிருந்து மிகச் செங்குத்தான சரிவின் வழியே ஏறினால் ஒரே உச்சியை அடைகிறோமோ அவ்வளவும் ஒரு குன்று என்றும், எங்கிருந்து அவ்வாறே இறங்கினால் ஒரே தாழ்புள்ளியை அடைகிறோமோ அவ்வளவும் ஒரு பள்ளத்தாக்கு என்றும் வரையறுத்தார். இதன்படி எல்லைகள் கூர்மையாக அமைகின்றன. ஆனால் அநேகமாக ஒவ்வோர் இடமும் ஒரே சமயத்தில் ஒரு குன்றையும் ஒரு பள்ளத்தாக்கையும் சேர்ந்ததாகிவிடுகிறது; சமவெளியும் ஏதோ ஒரு குன்றின் பகுதியாகிறது. தெளிவு கிடைத்தது, மக்கள் மலை என்று சொல்வது மட்டும் அதில் அகப்படவில்லை.

அளவுகோல் மாறினால் வடிவமும் மாறும். 30 மீட்டர் கட்டத்தில் உச்சியாகத் தெரியும் மேடு, ஒரு கிலோமீட்டர் கட்டத்தில் பெரிய சரிவின் ஒரு துணுக்காகிவிடும். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலுள்ள 950 மீட்டர் உயர ஹெல்வெலின் மலையை வைத்து பீட்டர் ஃபிஷர், ஜோ வுட், தாவோ செங் மூவரும் 2004இல் இதை ஆராய்ந்தார்கள். ஓர் இடத்தைப் பல அளவுகோல்களில் வகைப்படுத்தி, அவற்றுள் எத்தனையில் அது உச்சியாக வருகிறதோ, அந்த விகிதத்தையே அவ்விடம் ‘உச்சியாக இருக்கும் அளவு’ என்று கொண்டார்கள். மலையா, இல்லையா என்ற கேள்வி இவ்வாறு எந்த அளவுக்கு மலை என்ற கேள்வியாயிற்று. 2013இல் யாசியேவிச், ஸ்டெபின்ஸ்கி இருவரும் முன்வைத்த ஜியோமார்ஃபான் முறை, எட்டுத் திசைகளிலும் பார்வைக்கோட்டை ஓட்டி நிலத்தைப் பத்துப் பொது வடிவங்களாகப் பிரிக்கிறது. ஆயினும் பார்வை எவ்வளவு தூரம் செல்லலாம் என்ற உச்ச வரம்பை அதிலும் மனிதரே விதிக்க வேண்டும்.

மலைகள் உண்மையில் உள்ளனவா என்றே கேட்டு, மெய்யியலாளர் பாரி ஸ்மித்தும் புவியியலாளர் டேவிட் மார்க்கும் 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீரோட்டத்தையும் மண்ணரிப்பையும் கணிக்கும் மாதிரிகளுக்கு உயரப் புலம், அதாவது ஒவ்வோர் இடத்தின் உயர எண், போதும். மலை என்ற பொருள் அவற்றில் இடம்பெறுவதே இல்லை. மனிதரின் காட்சியிலும் பேச்சிலும் செயலிலுமோ மலை தவிர்க்க முடியாதது. அந்த அளவில் அது உள்ளதுதான்.

எல்லை மனிதர் வகுத்ததே என்றாலும் அதன் விளைவு சிறியதல்ல. மலைப்பகுதி எது என்பதற்கு உலக அளவில் மூன்று வரையறைகள் புழங்குகின்றன. உயரம், சரிவு, சுற்றுப்புற உயர வேறுபாடு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் 2000ஆம் ஆண்டின் வரையறைப்படி உலக நிலப்பரப்பில் சுமார் 24 சதவீதம் மலை. கரடுமுரடை மட்டும் பார்க்கும் 2011ஆம் ஆண்டின் வரையறைப்படி சுமார் 12 சதவீதம். 2017ஆம் ஆண்டினதன்படி சுமார் 30 சதவீதம். மலைவாழ் மக்கள் எத்தனை பேர், எவ்வளவு நிலத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற கணக்குகளும் இவற்றோடு சேர்ந்து மாறுகின்றன.

சர்வதேச ஜியோமார்ஃபோமெட்ரி சங்கத்தின் மாநாடுகள் இந்தத் துறையினரை ஒன்றுகூட்டுகின்றன. சூரிச் (2009), ரெட்லண்ட்ஸ் (2011), நான்ஜிங் (2013), போஸ்னான் (2015), போல்டர் (2018) ஆகிய நகரங்களில் அவை நடந்தன. கணிதம், புவியியல், மண்ணியல், கணினியியல் என்று பல துறையினர் கூடும்போது, ஒரே சொல்லை ஒவ்வொருவரும் வெவ்வேறு பொருளில் ஆள்வது வெளிப்படுகிறது. ஆய்வுக்கான வாய்ப்பும் அங்கேயே இருக்கிறது. உயரத் தரவிலுள்ள பிழை எல்லைக்கோட்டை எவ்வளவு நகர்த்தும், நிலவடிவங்களுக்கு வட்டாரச் சொற்கள் வகுக்கும் பிரிவுகள் கணினியின் வகைகளோடு எவ்வளவு பொருந்தும் என்பவை அத்தகைய கேள்விகள். இயந்திரக் கற்றலால் இன்னொன்றும் எழுகிறது. நிபுணர் கையால் வரைந்த வரைபடமே கணினிக்குச் ‘சரியான விடை’யாகத் தரப்படுகிறது, இரு நிபுணர்களின் கோடுகள் வேறுபட்டால் எது சரி?

அந்த வேறுபாடு முழுவதையும் பிழை என்று தள்ளிவிட முடியாது. உயரத்தை அளப்பதில் நேர்வது பிழை; மறு அளவீட்டால் அது குறையும். அடிவாரத்தின் தெளிவின்மை ‘மலை’ என்ற கருத்திலேயே உள்ளது. எவ்வளவு நுண்ணிய கருவி வந்தாலும் அது போகாது. எனவே கட்டத்தின் அளவு, பின்பற்றிய விதி, வரைந்த நோக்கம் மூன்றையும் கூடவே சொல்லும் வரைபடத்தைத்தான் மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சோதிக்க முடியும்.