கூலியா, கொடையா: சொகுசுக் கப்பலின் டிப்ஸும் தட்சிணை பற்றிய மீமாம்சை விவாதமும்

மயாமி, ஃபோர்ட் லாடர்டேல் போன்ற துறைமுகங்களிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் புறப்படும் சொகுசுக் கப்பல்களில், பயணச்சீட்டுக்குப் பணம் கட்டியதோடு அறைக்கும் உணவுக்கும் உரிய கடன் தீர்ந்தது என்று பயணி எண்ணியிருக்கும்போதே, கப்பலில் அவர் பெயரில் தொடங்கப்படும் கணக்கில் நாள்தோறும் ஒரு தொகை தானாகப் பற்று எழுதப்படுகிறது. பணியாளர்களுக்கான டிப்ஸ் என்று சொல்லப்படும் அத்தொகை, 2024 வாக்கில் பெரிய அமெரிக்க நிறுவனங்களின் சாதாரண அறைகளில் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை இருந்தது. நால்வர் கொண்ட குடும்பம் ஏழு இரவுகள் பயணம் செய்தால், குறைந்த விகிதத்தில் கணக்கிட்டாலும் அது 448 டாலராகிறது. பயணி விரும்பினால் வரவேற்பு மேசைக்குச் சென்று அதைக் குறைக்கலாம், பல நிறுவனங்களில் முழுவதுமாக நீக்கவும் செய்யலாம். கேட்காமலே எடுக்கப்படுவதாகவும் கேட்டால் திருப்பித் தரப்படுவதாகவும் உள்ள இப்பணம் அறவியல் நோக்கில் எந்த வகையைச் சேர்ந்தது என்னும் கேள்விக்கு விடை காணாமல், எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, எப்போது மறுப்பது என்னும் நடைமுறைக் கேள்விகள் எவற்றுக்கும் ஒழுங்கான விடை கிடைக்காது.

முன்னாளில் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. பயணிக்கு இரவு உணவுக்கென ஒரே நேரமும் ஒரே மேசையும் ஒதுக்கப்பட்டிருந்ததால், அறையைத் துப்புரவு செய்தவரையும் மேசையில் பரிமாறியவரையும் அவருடைய உதவியாளரையும் அவர் முகம் அறிந்திருந்தார். பயணத்தின் கடைசி இரவில் தனித்தனி உறைகளில் பணம் வைத்து அவரவர் கையில் கொடுப்பது வழக்கமாக இருந்தது. நார்வேஜியன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் நேரக் கட்டுப்பாடின்றி விரும்பிய உணவகத்தில் உண்ணும் முறையைக் கொண்டுவந்து, பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றபோது, ஒவ்வோர் இரவும் வேறொருவர் பரிமாறும் நிலை ஏற்பட்டு உறைகளுக்கு முகவரி இல்லாமற்போனது. அந்த இடத்தைப் பொது நிதி பிடித்துக்கொண்டது. அதாவது, எல்லாப் பயணிகளிடமும் பெற்ற தொகையை ஒன்றாகச் சேர்த்து, நிறுவனம் வகுத்த பங்கு விகிதப்படி பணியாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு.

அப்பணியாளர்களுள் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து பல மாத ஒப்பந்தத்தில் வருபவர்கள். நிறுவனத்தின் தலைமையகம் மயாமியில் இருந்தாலும் கப்பல் பஹாமாஸ், பனாமா முதலிய நாடுகளின் கொடியைத் தாங்கிச் செல்வதால், அமெரிக்கக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவர்களைத் தொடுவதில்லை. (1922இல் ரிலையன்ஸ், ரெசல்யூட் என்னும் இரு அமெரிக்கக் கப்பல்கள் மதுவிலக்கிலிருந்து தப்பிப்பதற்காகவே பனாமாக் கொடிக்கு மாறின என்பதை நினைத்தால், இந்த ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே சட்டத்துக்கு வெளியே ஓர் இடம் தேடியது என்பது விளங்கும்.) 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை நாளொன்றுக்குக் குறைந்தது பத்து மணி நேர ஓய்வை வலியுறுத்துகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கூட்டுக்குழு தேர்ந்த மாலுமி ஒருவருக்குப் பரிந்துரைத்த அடிப்படை மாத ஊதியம் 2025இல் 673 டாலராக இருந்தது. அறைப் பணியாளர், பரிமாறுபவர் ஆகியோரின் வருமானத்தில் பெரும்பகுதி இந்தப் பொது நிதியிலிருந்தே வருவதாக அவர்களுடைய ஒப்பந்தங்கள் அமைகின்றன. ஆகவே பயணி தம் பெருந்தன்மையால் தருவதாக நினைக்கும் தொகை, பெறுபவருடைய வீட்டு வரவு செலவில் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்ட சம்பளமாகும்.

கொடை என்பதன் இலக்கணத்தை வரையறுக்கும் வேலை, வேடிக்கையாக, அமெரிக்க வருமானவரித் துறையின் கையில் வந்து சேர்ந்தது. அத்துறை 2012இல் வெளியிட்ட ஒரு தீர்ப்புரையின்படி, ஒரு தொகை டிப்ஸ் ஆவதற்கு அது கட்டாயமின்றித் தரப்பட வேண்டும்; அதன் அளவைத் தருபவரே தடையின்றி முடிவு செய்ய வேண்டும்; அது பேரத்துக்கோ முதலாளியின் விதிக்கோ உட்பட்டதாக இருக்கக் கூடாது; யாரைச் சேர வேண்டும் என்பதைப் பொதுவாகத் தருபவரே தீர்மானிக்க வேண்டும். வரி வசூலிப்பவர்கள் எழுதியது எனினும், இதைவிடச் சுருக்கமான கொடை இலக்கணத்தைத் தத்துவ நூல்களில் தேடினாலும் காண்பது அரிது. கப்பலின் தினசரிப் பற்றை இவ்வளவுகோல்களின் முன் நிறுத்தினால், அளவும் பங்கும் பெறுபவரும் நிறுவனத்தால் குறிக்கப்படுவதால், நீக்கிக்கொள்ளலாம் என்னும் ஒற்றை உரிமையைத் தவிர அதில் கொடைக்குரிய அடையாளம் எதுவும் எஞ்சுவதில்லை.

இதே சிக்கலை இந்தியத் தத்துவ மரபில் மிக நுட்பமாக ஆராய்ந்தவர்கள் மீமாம்சகர்கள். வேள்வி விதிகளின் பொருளைத் தருக்க முறையில் முடிவு செய்வதே அவர்களுடைய துறை. வேள்வியை முன்னின்று செய்விப்பவன் யஜமானன்; அவனுக்காகச் சடங்குகளை நிகழ்த்துபவர்கள் ருத்விக்குகள் எனப்படும் புரோகிதர்கள்; முடிவில் அவர்களுக்குத் தரப்படுவது தட்சிணை. மீமாம்சையின் மூலநூலான ஜைமினியின் சூத்திரங்களில் பத்தாம் அத்தியாயம் இந்தத் தட்சிணை தானமா, கூலியா என்று கேட்கிறது. விதி ‘கொடுக்கிறான்’ என்று சொல்வதால் அது தானமே, அதன் பயன் கண்ணுக்குப் புலப்படாத புண்ணியமே என்பது எதிர்த்தரப்பு. செய்யும் தொழிலோடு அது இணைத்துச் சொல்லப்பட்டிருப்பதால், உலக வழக்கில் ஆள் அமர்த்திக்கொள்வதற்குப் பணம் தருவதைப் போலவே அதுவும் பரிக்கிரயம், அதாவது ஒருவருடைய உழைப்பைப் பெறுவதற்கான ஊதியம், என்பது சித்தாந்தம். இம்முடிவின் உறுதியை ஸத்ரம் என்னும் நீண்ட வேள்வியில் காணலாம்: அதில் பங்கேற்கும் அனைவரும் யஜமானர்களாகவும் புரோகிதர்களாகவும் ஒருங்கே இருப்பதால், ஒருவரை ஒருவர் கூலிக்கு அமர்த்த வேண்டிய தேவை எழாமல், தட்சிணையும் இல்லாமற்போகிறது. தட்சிணை உண்மையில் தானமாக இருந்திருந்தால் அங்கும் அது தொடர்ந்திருக்க வேண்டும்.

புனிதச் சடங்கொன்றின் நடுவில் நின்றுகொண்டு, இங்கே நடப்பது கூலிப் பரிமாற்றமே என்று சொல்வதற்கு அறிவுத் துணிச்சல் வேண்டும். ஆனால் அவ்வாறு சொல்வதால் புரோகிதரின் மதிப்பு குறைவதில்லை. மாறாக, அவருடைய பங்கு யஜமானனின் மனநிலையைச் சார்ந்திராமல், செய்த வேலையைச் சார்ந்ததாக நிலைபெறுகிறது. பதினாறு புரோகிதர்களுக்கிடையே அதைப் பிரிக்கும் கணக்கும் அவ்வாறே நிலைபெற்றது. மனுஸ்மிருதி எட்டாம் அத்தியாயத்தில் கூட்டுத் தொழிலின் இலாபப் பங்கீட்டைப் பேசுமிடத்தில் தட்சிணைப் பங்கீட்டையும் வைக்கிறது. உரையாசிரியர் குல்லூகர் அதை நூறு பசுக்களாகக் கொண்டு விளக்கும்போது, முதல் வரிசையிலுள்ள நால்வருக்கு 48, அடுத்த நால்வருக்கு 24, பின்னவர்களுக்கு 16, கடை வரிசையினருக்கு 12 என்று பிரிகிறது. யஜமானன் தனக்குப் பிடித்த ஒரு புரோகிதருக்கு மட்டும் பசுக்களை ஓட்டிவிட்டுப் பிறரை விட்டுவிட முடியாது. கப்பலின் பொது நிதியும் இதே தருக்கத்தில் இயங்குகிறது. சலவைக் கூடத்திலும் சமையற்கட்டின் பாத்திரம் கழுவும் பகுதியிலும் பயணி ஒருநாளும் காணாத ஆட்கள் உழைப்பதால்தான், அவர் காணும் பரிமாறுபவர் புன்னகையோடு வெள்ளைத் துணி விரித்த மேசைக்கு வந்து நிற்க முடிகிறது.

இவ்வாறு பார்க்கும்போது, மிகப் பரவலான தவறு எது என்பது தெளிவாகிறது. பயணத்தின் கடைசி மாலையில் வரவேற்பு மேசையின் முன் வரிசையில் நின்று தினசரிப் பற்றை நீக்கச் சொல்பவர்களுள் ஒரு சாரார், தமக்கு நன்கு பணி செய்த ஓரிருவருக்கு நேரடியாகக் கொடுப்பதே நேர்மை என்று வாதிடுகின்றனர். கொடையின் நோக்கில் இது நியாயம்போல் தோன்றினாலும், கூலியின் நோக்கில் இது செய்து முடிக்கப்பட்ட வேலைக்கு உரிய பங்கைக் கண்ணில் படாதவர்களிடமிருந்து பறிப்பதாகும். சில நிறுவனங்களில், பற்றை நீக்கிய பயணி கையில் தரும் பணத்தைப் பணியாளர் பொது நிதியிலேயே சேர்த்துவிட வேண்டும் என்னும் விதியும் உண்டு. இன்னொரு சாரார், உணவு ஆறியிருந்தது, அறை தாமதமாகத் தயாரானது என்னும் குறைகளுக்குத் தண்டனையாக நீக்குகின்றனர். முதல் நாளே மேலாளரிடம் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய குறைக்கு, அதனோடு தொடர்பே இல்லாத பலருடைய கூலி பிணையாக்கப்படுகிறது. கூலியாளின் கூலியைப் பொழுது சாய்வதற்குமுன் கொடுத்துவிட வேண்டும் என்று யூத மறைநூலின் உபாகமமும், உழைத்தவனின் வியர்வை உலருமுன் கொடுக்க வேண்டும் என்று நபிமொழியும் விதிக்கும்போது, அவ்விதிகள் உழைத்தவன் மகிழ்வித்தானா என்று கேட்கவில்லை.

இதற்கு எதிராக வலுவான ஒரு மறுப்பு உண்டு: சம்பளம் தர வேண்டியவர் முதலாளி, அந்தச் சுமையைப் பயணி ஏற்பதால் அநீதி நீடிக்கிறது. ஜெர்மானியச் சட்ட அறிஞர் ருடால்ஃப் ஃபான் யேரிங் 1882இல் டிப்ஸுக்கு எதிராகத் தனி நூலே எழுதினார். அமெரிக்காவின் சில மாநிலங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சட்டத்தால் தடை செய்து, 1926க்குள் அச்சட்டங்களை விலக்கிக்கொண்டன. மறுப்பின் முதற்பாதி முற்றிலும் உண்மை. ஆனால் அதிலிருந்து பயணி கொடுக்காமல் இருக்கலாம் என்னும் முடிவு பிறப்பதில்லை என்பதற்குப் அமெரிக்காவில் புல்மன் நிறுவனம் நடத்திய படுக்கை வசதி ரயில் பெட்டிகளின் வரலாறு சான்று. அப்பெட்டிகளில் பணியாற்றிய கறுப்பினத்தவர் மிகக் குறைந்த சம்பளத்தோடு டிப்ஸை நம்பி வாழ்ந்தனர். அவர்களுடைய நிலையை மாற்றியது கொடுக்க மறுத்த பயணிகளல்லர், 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அமைந்த தொழிற்சங்கமும், அது 1937இல் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தமும்தான். மாதம் 400 மணி நேரமாக இருந்த வேலை அதனால் 240 மணி நேரமாயிற்று. ஓர் ஏற்பாடு அநீதியானது என்று அறிந்தவர், அதை நடத்துபவரோடு மோத வேண்டுமேயன்றி, அதன் அடியில் நிற்பவருடைய பையிலிருந்து தம் எதிர்ப்பின் செலவை எடுக்க முடியாது.

தினசரிப் பற்றைக் கூலி என்று ஒப்புக்கொண்ட பின்னரே கொடைக்கு இடம் பிறக்கிறது. அதற்கு மேலாக, நிறைவு கண்ட பயணி தம் விருப்பப்படி அறைப் பணியாளரின் கையில் தரும் நோட்டு உண்மையான கொடை. இங்கே பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூன்றாக வகுக்கும் முறை பொருத்தமாக வந்து உதவுகிறது. கைம்மாறு கருதாமல் தகுந்த இடத்திலும் காலத்திலும் தருவது சாத்துவிகம்; பயனை எதிர்பார்த்துத் தருவது ராஜசம்; மதிப்பின்றித் தருவது தாமசம். முதல் நாளே மேசை மேலாளரின் கையில் 20 டாலரை அழுத்திச் சன்னலோர இடத்தைப் பெறுவது ராஜசம் என்றுகூடச் சொல்ல முடியாத, ஏறக்குறைய இலஞ்சம். நாட்டுக்குத் திரும்பும்போது செலவழிக்க முடியாத அயல்நாட்டுச் சில்லறைகளை, மாற்றிக்கொள்ளப் பணியாளருக்கும் வழியில்லை என்பதை எண்ணாமல், மேசைமேல் விட்டுச் செல்வது மூன்றாம் வகை. கப்பல் தலைவருக்கோ அதிகாரிகளுக்கோ பணம் நீட்டுவது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், ஊதியம் நிறைவாகப் பெறும் ஒருவரைச் சங்கடத்தில் நிறுத்துகிறது. மதுக்கூடத்தில் ஒவ்வொரு பானத்தோடும் 18 அல்லது 20 விழுக்காடு ஏற்கெனவே சேர்க்கப்பட்ட பிறகும் ரசீதில் கூடுதல் தொகைக்கென ஒரு வெற்றிடம் விடப்படுகிறது. அதைக் கவனியாமல் இரண்டாம் முறை எழுதுபவர் கொடுத்தவராவதில்லை, ஏனெனில் அறியாமல் இழந்தது தானமாகாது. துறைமுகத்தில் பெட்டி தூக்குபவர்கள் கப்பலின் பணியாளர்களல்லர், பொது நிதியில் அவர்களுக்குப் பங்கில்லை என்பதையும் பலர் மறக்கின்றனர்.

கொடையிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. வறியவர்க்குத் தருவதே ஈகை, மற்றவையெல்லாம் எதிர்பார்ப்போடு தரப்படுபவை என்று வள்ளுவர் கோடு கிழித்தார். அறைப் பணியாளரை அந்த வறியவரின் இடத்தில் வைத்துப் பார்க்கும் பயணி, தம்மை அறியாமலே ஒரு தொழிலாளியை இரவலராக்கிவிடுகிறார். உதவி பெறுபவர் தாழ்வுறாதபடி, தருவது வெறும் கடனே என்பதுபோல் தர வேண்டும் என்று 1797இல் வெளியான ‘ஒழுக்கத்தின் மெய்யியல்’ நூலில் இம்மானுவேல் கான்ட் எழுதினார். அதே நூலில் அவர் இன்னும் கூர்மையான கேள்வியொன்றையும் வைக்கிறார்: சிலர் செல்வராகவும் சிலர் உதவி வேண்டி நிற்பவராகவும் ஆனதே அநீதியான ஏற்பாட்டின் விளைவு எனில், செல்வர் செய்வதை உதவி என்று அழைக்க முடியுமா? கொடி மாற்றிய கப்பலின் மேல்தளத்தில் இக்கேள்விக்கு ஏட்டளவிலான பொருள் மட்டும் இல்லை.

பயணத்துக்கு முன்பே டிப்ஸைக் கட்டிவிடும் வசதி இப்போது பரவலாகியிருப்பது, இத்தொகை கொடையன்று என்பதை நிறுவனங்களே ஒப்புக்கொள்வதாகும். கொடுப்பதற்கு முன்னும், கொடுக்கும்போதும், கொடுத்த பின்னும் மனம் மகிழ்வதைத் தானம் தருபவருக்குரிய மூன்று அங்கங்களாகப் பௌத்த மறைநூலான அங்குத்தர நிகாயம் சொல்கிறது. எவரையும் சந்திக்காமலே, இன்னும் செய்யப்படாத வேலைக்கு, மாதங்களுக்கு முன் கடன் அட்டையில் தீர்த்த தொகையில் அம்மூன்றுக்கும் இடமில்லை. அதனால் அது குறையுடையது என்று சொல்ல வேண்டியதில்லை. கூலியை முன்பணமாகத் தருவதில் தவறில்லை.

பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனம் 2019 மே முதல் இத்தொகையைத் தனியே வசூலிப்பதை நிறுத்திப் பயணக் கட்டணத்திலேயே அடக்கிவிட்டது. உயர் கட்டணக் கப்பல்கள் பல அதற்கு முன்பே அவ்வாறு செய்தன. அமெரிக்கப் பெரு நிறுவனங்கள் தயங்குவதன் காரணம் மெய்யியல் சார்ந்ததன்று. விளம்பரத்தில் காட்டும் விலையில் கட்டாயக் கட்டணங்கள் அடங்கியிருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2024 ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, நிறுவனங்கள் துறைமுகக் கட்டணத்தையும் வரியையும் விலையோடு சேர்த்துக் காட்டத் தொடங்கின. டிப்ஸ் மட்டும் வெளியே நின்றது, ஏனெனில் பயணி கேட்டால் நீக்கிக்கொள்ளலாம் என்பதால் அது கட்டாயமானதன்று. வரவேற்பு மேசையில் பயணிக்கு விட்டுவைக்கப்பட்டிருக்கும் அந்த உரிமை விலைப்பட்டியலைக் குறைத்துக் காட்ட உதவுகிறது. அதை ஒருவர் உண்மையிலேயே பயன்படுத்தும்போது ஏற்படும் இழப்பு, அந்த விலையை வகுத்தவரின் கணக்கில் எழுதப்படுவதில்லை.