புகையில்லாத நெருப்பு

மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு. தர்க்க சாஸ்திரம் பயிலப் புகும் மாணாக்கனுக்கு இதை முதற்பாடமாகச் சொல்லிக்கொடுப்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். நியாய மரபினரான நையாயிகர்கள் மாத்திரமன்றிப் பௌத்தர்களும் இந்த உதாரணத்தையே எடுத்தாண்டார்கள். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் அளவை நூலை விளக்கும்போதும் மலையும் புகையும் நெருப்பும், அவற்றுக்குத் திருஷ்டாந்தமாக அடுக்களையும் வரிசையாக வந்து நிற்கின்றன. சமவெளியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படிப்பவருக்கு இது ஏட்டுச் சுரைக்காயாகத் தோன்றலாம். போளூரில் அப்படித் தோன்ற நியாயமில்லை. திருவண்ணாமலைப் பக்கத்துப் போளூரை நான் சொல்லவில்லை. கொடைக்கானலுக்கு மேற்கே, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி ஆகியவற்றை ஒட்டிய மேல்மலைக் கிராமமாகிய போளூரைச் சொல்லுகிறேன்.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, புகை படும்படி தொங்கவிட்டுப் பக்குவப்படுத்துவது இந்த மலையின் பழைய வழக்கம். பூண்டைக் காத்த அந்தப் புகை மனிதரையும் ஒருவகையில் காத்து வந்தது. விறகடுப்பிலும் விஷவாயு உண்டு. ஆனால் கண் எரிச்சலும் இருமலும் கட்டியக்காரரைப்போல முன்னே வந்து அதன் வருகையை அறிவித்துவிடும். கதவைத் திறந்து வைக்கும்படி ஒருவர் சொல்லவேண்டிய அவசியமே இராது.

குளிருக்கு வெந்நீர் இன்றியமையாத இப்பிரதேசத்தில் சிலிண்டரோடு இணைத்த கேஸ் கீசர் குளியலறைச் சுவரில் ஏறிய நாள்முதல், புகையில்லாத நெருப்பு ஒன்று வீட்டுக்குள் குடிவந்தது. புகை உள்ள இடத்திலெல்லாம் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை இருக்கவேண்டும் என்பதில்லை, ஈரவிறகின் சம்பந்தம் இருந்தால்தான் புகை எழும் என்று நையாயிகர்கள் அன்றே எச்சரித்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டை அதற்கு உதாரணமாகக் காட்டினார்கள். குளிக்கப் போகிறவர் இதை மறந்து, புகையும் இல்லை, நாற்றமும் இல்லை, ஆகவே அபாயமும் இல்லை என்று தமக்குத்தாமே ஓர் அனுமானம் செய்துகொள்கிறார்.

ஒரு பொருள் காணப்படாமை அது இல்லை என்பதற்குப் பிரமாணமாகுமா? பாட்ட மீமாம்சகர்கள் ஆகும் என்றார்கள்; அதை அநுபலப்தி என்று தனிப் பிரமாணமாகவே எண்ணினார்கள். நம் சைவ சித்தாந்தத்திலும் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அளவைகளை எடுத்துரைக்குங்கால் அபாவத்தையும் ஒன்றாகக் குறிப்பிடுகிறார். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இருந்திருந்தால் காணப்பட்டே தீரும் என்னும் யோக்யதை அப்பொருளுக்கு இருக்கவேண்டும். வெளிச்சமான மேஜையின்மேல் குடம் தெரியவில்லையென்றால் குடம் இல்லை என்று துணியலாம். இருட்டறையில் தெரியவில்லையென்றால் துணிய முடியாது. கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை உறுத்தும் குணமுமில்லை. அது எத்தனை விளக்குப் போட்டாலும் இருட்டறையிலேயே இருப்பது.

ஒருவர் இங்கே ஆட்சேபிக்கலாம்: கேஸ் நாறுகிறதே! நாறுவது எரியாத கேஸ். அந்த நாற்றமும் அதன் சுபாவமன்று; 1937-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்து நியூ லண்டன் ஊரில், மணமற்ற இயற்கை எரிவாயு பள்ளிக்கூடத்தின் அடியில் கசிந்து வெடித்து, ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டபின்னரே, வாயுவில் துர்க்கந்தம் சேர்ப்பதை அங்கே சட்டம் கட்டாயமாக்கிற்று. நம் சிலிண்டரிலும் எத்தில் மெர்காப்டனைக் கலந்துதான் அனுப்புகிறார்கள். காணவொண்ணாததற்குக் காணும் யோக்யதையை மனிதன் கைப்படச் செய்துகொடுத்த காரியம் இது. தத்துவ விசாரணை செய்வோர் இதைப் போதிய அளவு வியந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆயினும் இந்த உபாயம் சுடரின் வாயில்வரைதான் செல்லும். மெர்காப்டனும் சுடரில் எரிந்துபோக, அரைகுறையாக எரிந்த சுடரிலிருந்து புதிதாகப் பிறக்கும் கார்பன் மோனாக்ஸைடு எந்த அடையாளமும் இன்றி வெளிப்படுகிறது.

அரைகுறையாக எரிவதற்கோ இங்கே காரணங்கள் மிகுதி. சிலிண்டர் கேஸிலுள்ள புரொப்பேன் ஒரு பங்கு செவ்வையாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்றும், பியூட்டேனுக்கு 31 பங்கும் வேண்டும். கொடைக்கானல் இருக்கும் 2,100 மீட்டர் உயரத்தில் காற்று சமவெளிக் காற்றின் ஐந்தில் நாலு பங்கு அடர்த்திதான். சமையலடுப்பைவிடப் பலமடங்கு வேகமாக வாயுவைக் குடிக்கும் கீசரைச் சிறு குளியலறையில் எரியவிட்டு, குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்து, வென்டிலேட்டரில் பழந்துணியையும் செருகிவிட்டால் சுடர் நீலம் மாறி மஞ்சளாக நீளும். பர்னரில் கரி படியும்.

பிறகு நிகழ்வது பிரமாண சாஸ்திரத்துக்கே ஒரு சோதனை. அந்த வாயு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றோடு இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. மூளை பட்டினி கிடக்கிறது. தலை கனக்கிறது, குமட்டுகிறது, கால் தள்ளாடுகிறது. மலையேறி வந்தவர், வளைவுகள் நிறைந்த சாலையினால் வந்த பித்தம் என்றோ குளிர்க் காற்றின் கோளாறு என்றோ அதற்குக் காரணம் கற்பித்துக்கொள்கிறார். ஏனைய மயக்கங்களில் கருவி கெட்டாலும் அறிபவன் எஞ்சி நின்று அதைத் திருத்திக்கொள்ள இடமுண்டு. இதிலோ திருத்தவேண்டியவனே முதலில் கெட்டுப்போகிறான். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் விடுதியறைக்குள் இறைச்சி சுட்ட கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கிய இளைஞர் இருவர் விழிக்கவே இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. அங்கே கரி, இங்கே கேஸ்; கொல்லும் வாயு ஒன்றே.

காண்டலும் கருதலும் கைவிட்ட இடத்தில் உரையளவைதான் மிஞ்சுகிறது. அதாவது, அறிந்த ஒருவர் சொல்லைக் கேட்டு நடப்பது. அந்தச் சொல் மிக எளியது. கீசரைக் குளியலறைக்குள் மாட்டலாகாது. காற்றோட்டமான வெளிப்புறத்தில் மாட்டி, புகைபோக்கியை ஜன்னலுக்கு எட்டத்தில் திறந்த வெளிக்கு விடவேண்டும். ஏற்கெனவே உள்ளே மாட்டிவிட்டார்களானால், அதை மாற்றும்வரை, ஜன்னலைத் திறந்துவைத்து வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை நிறுத்தி, சற்றுப் பொறுத்தே குளிக்கப் புகவேண்டும். சிலிண்டரைப் பள்ளத்தில் வைக்கக்கூடாது; கசிந்த கேஸ் காற்றைவிடக் கனமாதலால் அங்கேயே தேங்கும். ஆண்டுக்கொருமுறை மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பர்னரைத் துடைக்கச் சொல்லவேண்டும். கார்பன் மோனாக்ஸைடைக் கண்டு கூவும் அலாரம் கடைகளில் கிடைக்கிறது. மெர்காப்டன் செய்ய முடியாத வேலையை அது செய்கிறது. தலை சுற்றினால் ஆராய்ச்சி வேண்டாம். எல்லாரும் வெளியே வந்துவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

வீட்டில் அறைகளை வாடகைக்கு விடுகிறவருக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. வந்தவருக்கு அந்த வீட்டைப் பற்றிய ஆப்தன், அதாவது நம்பத்தக்க சொல்லுடையவர், அவர் ஒருவரே. சுவரில் ஓர் ஆங்கில அறிவிப்பை ஒட்டிவிட்டால் தம் கடமை தீர்ந்தது என்று சிலர் கருதுகிறார்கள். கேட்பவனுக்கு விளங்காத வாக்கியம் பிரமாணமாகாது என்று எந்தப் பண்டிதரும் சொல்லுவார். விளங்கும்படி சொன்னாலும், இரவெல்லாம் பிரயாணம் செய்து விடியற்காலையில் நடுங்கிக்கொண்டு வருகிறவர் அதை நினைவில் வைப்பார் என்று எதிர்பார்ப்பது அவர்மீது அதிகப் பாரத்தைச் சுமத்துவது. வந்தவரின் ஞாபகத்தை நம்பாமலே அவரைக் காப்பாற்றும் வழி, கீசரைக் கழற்றி வெளிச்சுவரில் மாட்டுவதுதான். அதற்குச் சில அடி தண்ணீர்க் குழாயும், ஒரு தகரக் கூரையும், பிளம்பரின் ஒருநாள் கூலியும் பிடிக்கும்; நம்மவர்கள் கணக்குப் பார்ப்பது சரியாக அந்த இடத்தில்தான்.