மாடுகள் திரும்பி வரவில்லை



1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் அரசுப் பணியில் மதிப்போடு இருந்தவர். திடீரென்று அவருடைய மாடுகள் செத்து விழுந்தன, பயிர் பொய்த்தது. வாடிய முகத்தோடு இருந்தவரிடம் என்ன ஏது என்று விசாரித்தவர், டச்சுப் படைத் தளபதியாக இருந்த டி லனாய். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு தன்னை வென்ற திருவிதாங்கூர் மன்னருக்கே படை பயிற்றுவித்தவர். அவர் நீலகண்டருக்கு விவிலியத்தில் வரும் யோபின் கதையைச் சொன்னார். எல்லாவற்றையும் தொலைத்த மனிதனின் கதையை, தோற்றுப்போய் அந்நிய மண்ணில் நின்ற ஒருவர் சொல்லும்போது அதன் கனம் வேறு.

யோபு பொறுமைக்குப் பெயர்போனவர் என்கிறோம். ஆனால் யோபு நூலின் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அதிகாரம் அதிகாரமாகக் கடவுளிடம் வழக்காடுகிறார். கடைசியில் கடவுள் சினந்துகொள்வது யாரிடம்? அழகாக அறிவுரை சொன்ன நண்பர்களிடம். என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்கிறார். கடவுளிடம் அழுது சண்டைபோட்டுவிட்டேனே என்று குற்ற உணர்வோடு இங்கே அமர்ந்திருப்பவர்களே, அவர் உங்களைத் தள்ளிவிடவில்லை. சண்டை போடவாவது அவரிடம்தானே போனீர்கள்!

1745-இல் வடக்கன்குளத்தில் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். இலாசர் என்ற பெயரின் தமிழ் வடிவம் அது. கடவுளே துணை என்று பொருள்.

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் தயங்கி நிற்கிறேன். யோபுக்கு இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பியது. ஆடு மட்டும் பதினாலாயிரம். தேவசகாயத்துக்கு? 1749-இல் கைது. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அழைத்துச் சென்றார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி பூசினார்கள். 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். விசுவாசத்தை விட்டிருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். மாடுகளைத் திரும்பப் பெறுவதற்காக அவர் நம்பவில்லை என்பது அப்போதுதான் ஊருக்கே தெரிந்தது.

அச்சமே அறியாதவர் என்று அவரைச் சிலையாக்கிவிடாதீர்கள். கெத்சமனியில் நம் ஆண்டவரே கலங்கினார், துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலட்டும் என்று கேட்டார். கிண்ணம் அகலவில்லை. ஆனாலும் அவர் கடைசி மூச்சிலும், தந்தையே என்று கூப்பிட்டார். நம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான். கடன் தீர வேண்டும், ஸ்கேனில் நல்ல சேதி வர வேண்டும், பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று கேளுங்கள், வாய்விட்டே கேளுங்கள். ஆனால் கேட்டது கிடைக்காத இரவிலும் அவரைத் தந்தை என்று அழைக்க நாம் பழக வேண்டும். அதற்கு ஒரே நாள் போதாது. தேவசகாயத்துக்கே திருமுழுக்குக்கும் சாவுக்கும் இடையே ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் இருந்தன.

அவர் உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

இந்தப் பங்கில் இப்போது மாடு இழந்து நிற்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். திருப்பலி முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போங்கள். யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறக்காமல் உடன் உட்கார்ந்திருந்தார்களே, அப்படிக் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அறிவுரை வேண்டாம்; என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள்.