கழித்துப்போட்ட அட்டை



"பிரதர், விசுவாசி வீட்டுப் பிள்ளை சீட்டு விளையாடலாமா?"

போன மே மாதம் நம்ம சபைச் சகோதரி ஒருவர் என்னைக் கேட்ட கேள்வி இது. என் வீட்டுத் திண்ணையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். பெங்களூரில் இருக்கிற என் தங்கை மகன் லீவுக்கு எடப்பாடி வந்திருந்தான். வரும்போது ஒரு ஷூ டப்பா நிறைய அட்டைகள் கொண்டுவந்திருந்தான். தெருப் பிள்ளைகள் எல்லாம் திண்ணையில் கூடிவிட்டார்கள். தறிச் சத்தத்தையும் மீறி அவர்கள் சத்தம் கேட்டது.

அது யு-கி-ஓ என்ற விளையாட்டு. ஜப்பானில் கொனாமி என்ற கம்பெனி 1999-ல் வெளியிட்டது. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது. ஆளுக்கு 8000 உயிர்ப் புள்ளிகள். ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு கட்டு சேர்த்துக்கொள்ள வேண்டும். நாற்பது அட்டைக்குக் குறையக் கூடாது, அறுபதுக்கு மேல் போகக் கூடாது. முதலில் ஐந்து அட்டை கையில். பிறகு முறைக்கு ஒன்று எடுக்க வேண்டும். எதிராளியின் புள்ளிகளை யார் முதலில் பூஜ்யமாக்குகிறார்களோ அவருக்கு ஜெயம்.

"சபையில வெச்சு எல்லாத்தையும் கொளுத்திடலாம் பிரதர். எபேசு பட்டணத்துல கொளுத்தலையா?" என்றார் சகோதரி. கொளுத்தினார்கள், உண்மைதான். அப்போஸ்தலர் 19-ம் அதிகாரத்தில் ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு பெறுமான மாயவித்தைப் புஸ்தகங்கள் எரிந்தன. ஆனால் அவர்கள் மனந்திரும்பித் தங்கள் புஸ்தகங்களைத் தாங்களே கொண்டுவந்து எரித்தார்கள். அடுத்தவன் பிள்ளையின் அட்டையைப் பிடுங்கி எரிக்கவில்லை. ஆகவே நான் மருமகனிடம் உட்கார்ந்து பேசினேன். பேய் உருவமும் மந்திரவாதி உருவமும் உள்ள அட்டைகளை அவனே பொறுக்கித் தனியாக எடுத்து வைத்தான். மீதியிருந்தவை பெரும்பாலும் வாள் பிடித்த வீரர்கள்.

அடுத்தது பணம். இந்த விஷயத்தில் எனக்குச் சுடுபட்ட அனுபவம் உண்டு. எங்கப்பா தறிக்கூலி வாங்கின சாயங்காலமே லாட்டரிக் கடையில நின்னவர். 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரியைத் தடை செய்தபோது எங்கம்மா சபையில் எழுந்து சாட்சி சொன்னாங்க. ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா என்று கோர்ட்டில் பல வருஷமாக வாதாடுகிறார்கள். 1967-ல் உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. 2022-ல் நம் சட்டசபை ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக நிறைவேற்றிய சட்டத்தில் ரம்மிக்கும் போக்கருக்கும் போட்ட தடையை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவும் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது.

நம் வேதத்திலும் சீட்டு உண்டு. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ள அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டார்கள். சிலுவையின் அடியில் போர்ச்சேவகரும் சீட்டுப் போட்டார்கள். அங்கே கர்த்தருடைய சித்தத்தைத் தேடினார்கள், இங்கே சாகிறவனுடைய உடுப்பைத் தேடினார்கள். ஆகவே சீட்டில் அல்ல, எதைத் தேடிப் போடுகிறோம் என்பதில்தான் பாவம் இருக்கிறது என்று நினைத்தேன். காசு வைக்கக் கூடாது. உள்ளே எந்த அட்டை இருக்கிறதென்று தெரியாமல் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கும் ஆசைக்கும் இடம் கொடுக்கக் கூடாது. ஆராதனை நேரத்தில் டப்பாவைத் திறக்கவே கூடாது. இந்த மூன்று நிபந்தனையோடு விட்டேன். பிரச்சினை தீர்ந்தது என்று இருந்தேன்.

ஆனால் ஆவியானவர் என்னிடம் பேச நினைத்தது வேறொன்று.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் போட்டி வைத்தார்கள். எட்டுப் பேர், மூன்று ரவுண்டு. ஆள் குறைந்ததால் மருமகன் என்னையும் இழுத்தான். "மாமா, உங்களுக்கு வீரர் கட்டு தர்றேன். புதுசா ஆடுறவங்களுக்கு அதுதான் சுலபம்" என்றான். அதில் ஒரு அட்டையைக் காட்டினால் கட்டுக்குள்ளே இருக்கிற ஒரு சிறு வீரனைத் தேடிக் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு அட்டையைக் காட்டினால் மடிந்து கல்லறைக் குவியலில் கிடக்கிற வீரனே திரும்பக் கைக்கு வந்துவிடுவான். உயிர்த்தெழுதலைப் பிரசங்கிக்கிற எனக்கு இது பிடித்துப்போனது என்று ஒத்துக்கொள்கிறேன்.

கட்டு சேர்க்கும்போது நான் ஐம்பது அட்டை அடுக்கினேன். மருமகன் சிரித்தான்.

"கட்டு மெலிசா இருக்கணும் மாமா. சரியா நாற்பது போதும். பெலமில்லாத கார்டு ஒண்ணு இருந்தா, நல்ல கார்டு வரவேண்டிய நேரத்துல அது வந்து கையில உக்காந்துக்கும். இரக்கமே பார்க்காதீங்க, தூக்கிடுங்க."

தூக்கினேன். பத்து அட்டை கழிந்தது. கழிக்கக் கழிக்க ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதை மறக்க முடியாது.

அப்படியும் எட்டாவது ஆள் வரவில்லை. வாசலில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய அம்மா நம் சபைக்கு வருகிறவர். தறிப் பட்டறையில் தார் சுற்றிப் பிழைக்கிறார். அந்தப் பையன் சபைக்கு வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. மருமகன் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். மற்றவர்கள் கழித்துப்போட்ட அட்டைகளைச் சேர்த்து அவனுக்கு ஒரு கட்டு செய்து கொடுத்தான். முதல் ஆட்டமே அவன் என்னோடு.

அவனுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அட்டையிலோ எல்லாம் இங்கிலீஷ். மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான். ஒருமுறை சொன்னதை அந்தப் பையன் மறுமுறை கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுமை இல்லை, "சீக்கிரம் போடு தம்பி" என்று அவசரப்படுத்தினேன். என் வீரர்கள் அவனைச் சுலபமாக ஜெயித்துவிட்டார்கள். அவன் அட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு எழுந்து செருப்பைத் தேடினான்.

"எங்கடா போற?" என்றான் மருமகன்.

"தோத்துட்டேன்ல. போகணும்ல."

"யாருடா சொன்னா? தோத்தாலும் எல்லா ரவுண்டும் ஆடணும். பெரிய போட்டிலயும் இப்படித்தான். அடுத்து உன்னை மாதிரி தோத்தவனோட ஆடுவ. உக்காரு."

அந்தப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அப்போ தோத்தவங்களையும் வெச்சுக்குவீங்களா சார்?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அந்த ஒரு கேள்வி என் நெஞ்சில் ஈட்டிபோல் இறங்கியது.

ஏன் என்று சொல்லுகிறேன். அதற்கு முந்தின வருஷம் சபைகளுக்கிடையே வேத வினாடி வினா நடந்தது. சண்டே ஸ்கூலில் என் வகுப்பில் ஏழு பேர், போட்டிக்கு ஐந்து பேர். வாசிப்பில் மந்தமான இந்தப் பையனையும் இன்னொரு பிள்ளையையும் கழித்தேன். அவனிடம், "தம்பி, நீ கைதட்டுறதுக்கு வா" என்றேன். ஜெயித்தோம். ஷீல்டு வந்தது. ஆராதனையில் ஐந்து பேரையும் முன்னே நிறுத்திப் பெயர் சொல்லி ஜெபித்தோம், ஐந்து பேரையும் ஓட்டலுக்குக் கூட்டிப்போனோம். அடுத்த வாரம் முதல் அவன் வரவில்லை. அவன் அம்மா அழுதபோது, "சாத்தான் பிள்ளையை இழுக்கிறான், உபவாசம் பண்ணுங்க" என்று ஆலோசனை சொன்னவன் நான்தான். இழுத்தது சாத்தானாக இருக்கலாம். ஆனால் தள்ளிவிட்டது யார்?

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மாம்சம் சும்மா இருக்குமா? எனக்காக வாதாடியது. "கிதியோன் கழிக்கவில்லையா? முப்பத்தீராயிரம் பேரில் இருபத்தீராயிரம் பேரை அனுப்பினான், பத்தாயிரத்தை முந்நூறாக்கினான்" என்றது. நியாயாதிபதிகள் 7-ம் அதிகாரத்தைத் திறந்து வாசித்தேன். கர்த்தர் ஏன் குறைத்தார்? எங்கள் கைபெலத்தால் ஜெயித்தோம் என்று இஸ்ரவேல் பெருமை பேசாதபடிக்கு. நான் ஏன் குறைத்தேன்? பெருமை பேசுவதற்காகவே. எண்ணிக்கையைக் குறைத்தது ஒன்றுபோலத்தான், உள்நோக்கம் நேர் எதிர்.

பிறகு 1 சாமுவேல் 30-ம் அதிகாரத்துக்கு ஆவியானவர் நடத்தினார். அமலேக்கியர் சிக்லாகைக் கொள்ளையிட்டு, பெண்களையும் பிள்ளைகளையும் சிறைபிடித்துப் போனார்கள். தாவீது அறுநூறு பேரோடு துரத்துகிறான். பேசோர் ஆற்றண்டையில் இருநூறு பேர் சோர்ந்துபோய் நின்றுவிட்டார்கள். போகிற வழியில் வயல்வெளியில் ஒரு எகிப்திய வாலிபன் கிடந்தான். அமலேக்கியன் ஒருவனுடைய வேலைக்காரன். வியாதி வந்ததும், உதவாது என்று எஜமான் விட்டுப்போய் மூன்று நாள் ஆகியிருந்தது. தாவீதின் ஆட்கள் அவனுக்கு அப்பமும் தண்ணீரும் அத்திப்பழமும் திராட்சை வற்றலும் கொடுத்தார்கள். உயிர் வந்தது. எதிரியின் பாளயத்துக்கு வழி காட்டினவன் அவன்தான்! அமலேக்கு கழித்துப்போட்ட அட்டையே அமலேக்கை முறியடித்தது. அல்லேலூயா!

அதோடு முடியவில்லை. ஜெயித்துத் திரும்பினபோது, யுத்தத்துக்கு வராத இருநூறு பேருக்குப் பங்கு கொடுக்கக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். தாவீது சம்மதிக்கவில்லை. யுத்தத்துக்குப் போனவனுக்கும் மூட்டைமுடிச்சைக் காத்தவனுக்கும் ஒரே பங்கு என்றான். அது இஸ்ரவேலில் நியமமாகவே ஆகிவிட்டது. உபாகமம் 25-ல் அமலேக்கின் பழைய குற்றத்தையும் பாருங்கள். வனாந்தரத்தில் களைத்துப் பின்தங்கின பெலவீனரை வெட்டினவர்கள் அவர்கள். இரண்டு சேனையிலும் வாள் உண்டு, வீரர் உண்டு. பின்தங்கினவனை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அதே தாவீது ஒருநாள் உரியாவை முன்னணியில் நிறுத்திச் சாகவிட்டான். தன் பராக்கிரமசாலிகளின் பட்டியலில் இருந்த ஒருவனை, ஆட்டத்தில் ஒரு அட்டையைப் பலிகொடுப்பதுபோல் செலவழித்தான். மனுஷனை அட்டையாகப் பார்க்கிற கண் தாவீதுக்கே வந்ததென்றால் நாம் எம்மாத்திரம்?

"அப்படியானால் ஆள் தெரிவு செய்யவே கூடாதா பிரதர்? பாடத் தெரியாதவனையும் பாடகர் குழுவில் நிறுத்தணுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அப்போஸ்தலர் 6-ல் பந்தி விசாரிப்புக்கு நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். தாவீதும் சோர்ந்துபோன இருநூறு பேரை ஆற்றைத் தாண்ட வற்புறுத்தவில்லை. ஆகவே வேலைக்கு ஏற்ற ஆளைத் தெரிந்தெடுப்பது பாவமல்ல. தெரிந்தெடுக்கப்படாதவனுடைய பங்கை எடுத்துவிடுவதுதான் பாவம். ஐந்து பேரை அனுப்பினது என் குற்றமல்ல. ஷீல்டு வந்தபோது ஏழு பேரையும் முன்னே நிறுத்தாததும், ஏழு பேருக்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்லாததும், அவன் வராதபோது வீடு தேடிப் போகாததும் என் குற்றம்.

இந்த விளையாட்டின் கதையை 1996-ல் சித்திரக் கதையாக வரையத் தொடங்கியவர் கசுகி தகஹாஷி என்ற ஜப்பானியர். 2022 ஜூலையில் ஒகினாவா கடலில் இறந்தார். அவருக்கு வயது 60. கடல் இழுப்பில் சிக்கிய ஒரு சிறுமியையும் அவள் தாயையும் ஓர் அமெரிக்க ராணுவ வீரரையும் காப்பாற்றத் தண்ணீரில் இறங்கியபோது உயிர் போனது என்று அந்த அக்டோபரில் செய்தி வந்தது. சண்டை அட்டைகளுக்குக் கதை தந்தவர் தத்தளித்தவர்களுக்காகக் கடலில் இறங்கினார். வேதம் கற்றுக்கொடுக்கிற நான் ஒரு ஷீல்டுக்காக ஒரு பிள்ளையை இறக்கிவிட்டேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த இரண்டு ஞாயிறு வந்தான், மூன்றாவது வாரம் வரவில்லை. திரும்பவும் போனேன். இப்போது வருகிறான், சில வாரம் விட்டுப்போகிறது. இந்த வருஷம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் சத்தமாக வாசிக்கிறார்கள், அவன் கேட்டு மனப்பாடம் பண்ணுகிறான். போட்டிக்கு யார் போனாலும் பங்கு ஏழு பேருக்கும் என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். சில பெற்றோருக்கு வருத்தம். பரவாயில்லை.

நம்ம ஊர்க்காரருக்குப் பாவு என்றால் தெரியும். ஒரு இழை அறுந்தால் தறிக்காரர் அதை விட்டுவிட்டு ஓட்டுவாரா? தறியை நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடி, முடிச்சுப் போட்டுத்தான் ஓட்டுவார். விட்டால் துணி முழுக்கக் கோடு விழும். சபையும் அப்படித்தான்.

எழுப்புதல் வேண்டும் என்று நாம் இரவெல்லாம் ஜெபிக்கிறோம். வரவேண்டிய புது ஆத்துமாக்களை எண்ணுகிறோம். நம் கட்டிலிருந்து நாமே கழித்தவர்களை எண்ணினோமா? இந்த வாரம் ஒரு பெயரை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டுக்குப் போங்கள். நமக்கு வழி காட்டப்போகிறவன் அங்கேதான் கிடக்கிறானோ என்னவோ.

கர்த்தர் தாமே நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

— ஒரு சண்டே ஸ்கூல் ஆசிரியர், எடப்பாடி