கண்ணால் ரசிப்போம்

அலுவலக மேசையில் சக ஊழியர் ஒருவர், தானே ஒட்டிச் செய்த குட்டி விமானத்தை வைத்திருக்கிறார். 1:72 அளவு. 11 மீட்டர் இறக்கை அதில் 15 சென்டிமீட்டராகச் சுருங்கியிருக்கும். ஆன்டெனாக் கம்பி தலைமுடிப் பருமன்தான். 'சும்மா பார்க்கிறேன்' என்று தூக்கினாலே முறிந்துவிடும். விரலின் எண்ணெய்ப்பசை பெயின்ட்டில் கறையாகப் படியும்.

உடையவர் அதை அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து, 'தயவுசெய்து தொடாதீர்கள்' என்று ஒரு சீட்டும் ஒட்டிவிடலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பார்ப்பவர் கையை நீட்டுமுன் 'இதை எப்படிச் செய்தீங்க?' என்று கேட்கட்டும். அவரே ஆசையாக எடுத்துக் காட்டுவார்.

உடைந்த பொருளுக்குப் பணம் கொடுத்துவிடலாம். கண்விழித்துச் செய்த இரவுகளை யாரால் திருப்பித் தர முடியும்? பிறர் உழைப்பைத் தொடுமுன் அனுமதி கேட்பதே பண்பு.